மழையில் கேமரா: நீர் எந்த வழியாக உள்ளே போகிறது?

ஜூன் மாதம் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடும். அதே நாட்களில் வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களின் மேல் மேகம் இறங்கி நிற்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்தால் ஏரிகள் நிரம்பும். நவம்பர் வாக்கில் வேடந்தாங்கலில் பறவைகள் கூடத் தொடங்கும். தமிழ்நாட்டில் படம் எடுக்க மிகச் சிறந்த மாதங்கள் பெரும்பாலும் மழையை ஒட்டியே வருகின்றன. புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் அந்த மாதங்களில்தான் அதை உறையில் போட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்கள். ஆசை ஆசையாகச் சேர்த்து வாங்கிய பொருள் கெட்டுவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் பீரோவில் பூட்டிய கேமராவும் ஈரத்தால் கெடும். சில சமயம் மழையில் நனைந்த கேமராவை விட மோசமாகவே கெடும்.

ஏன் என்று புரிந்துகொள்ள, நீர் கேமராவுக்குள் எப்படிப் போகிறது, போய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்துவிட்டால் எந்தச் சூழலில் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே விளங்கும். நீர் துளியாகவும் உள்ளே போகும், ஆவியாகவும் போகும். துளிக்கு எல்லோரும் அஞ்சுகிறார்கள். ஆவியைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. நம்மைப் போன்ற வெப்பமும் புழுக்கமும் மிகுந்த ஊர்க்காரர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இரண்டாவதைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

உள்ளே போன நீர் என்ன செய்கிறது?

தூய நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் கேமராவை வந்தடையும் நீர் தூயதாக இருப்பதில்லை. மழைநீரில் காற்றில் மிதந்த தூசும் புகையும் கரைந்திருக்கும். கையிலிருந்து வழியும் நீரில் வியர்வையின் உப்பு கலந்திருக்கும். மெரினாவிலும் ராமேசுவரத்திலும் வீசும் காற்றிலேயே கடல் உப்பு இருக்கிறது. இப்படி உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கேமராவின் மின்சுற்றுப் பலகையில் மிக நெருக்கமாக ஓடும் செம்புத் தடங்களுக்கு நடுவே அந்த நீர் நின்றால், மின்சாரம் போகக் கூடாத பாதையில் போகும்.

அதோடு முடிவதில்லை. பேட்டரி உள்ளே இருக்கும்வரை, சுவிட்சை அணைத்த பிறகும், சில பாகங்களில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். உப்பு நீரும் மின்னழுத்தமும் சேர்ந்த இடத்தில் உலோகம் அரிக்கத் தொடங்கும். நனைந்த அன்று நன்றாக வேலை செய்த கேமரா பத்து நாள் கழித்துத் திடீரென நின்றுபோவதற்குக் காரணம் இந்த அரிப்புதான். நீர் எப்போதோ காய்ந்திருக்கும். அது விட்டுச்சென்ற உப்பு காற்றிலிருந்து ஈரத்தை மறுபடியும் மறுபடியும் இழுத்துத் தன் வேலையைத் தொடரும். நனைந்த கேமராவில் முதலில் பேட்டரியைக் கழற்றச் சொல்வதும், கடல்நீரை மழைநீரை விடப் பல மடங்கு ஆபத்தானதாகக் கருதுவதும் இதனால்தான்.

கேமராவைக் கையில் எடுத்து ஒரு சுற்றுப் பாருங்கள்

இதைப் படிக்கும்போதே கேமராவை எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது. முதலில் லென்ஸைக் கழற்றி, அதன் பின்பக்க உலோக வளையத்தின் ஓரத்தைப் பாருங்கள். விலை கூடிய பல லென்ஸ்களில் அங்கே மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குக்கர் மூடியில் கேஸ்கெட் செய்யும் அதே வேலையை அது செய்கிறது: இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அடைக்கிறது. கேமராவோடு சேர்த்துத் தரப்படும் 18-55 மி.மீ. லென்ஸ்களில் பெரும்பாலும் அந்த வளையம் இருக்காது. அப்படியானால் கேமராவும் லென்ஸும் சேரும் அந்த வட்டம் முழுவதுமே நீருக்குத் திறந்த வழி.

இப்போது லென்ஸை மாட்டி, ஜூம் வளையத்தை 18-லிருந்து 55 வரை திருகுங்கள். முன்பகுதி வெளியே நீளும். நீளும்போது லென்ஸின் உள்ளளவு கூடுகிறது. கூடிய இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே போகிறது. மழையில் இதைச் செய்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். வெளியே நீண்ட குழாயின் மேல் துளிகள் விழுகின்றன. நீங்கள் திரும்பவும் 18-க்குத் திருகும்போது அந்த ஈரக் குழாய் துளிகளோடு உள்ளே போகிறது. மழையில் நின்றுகொண்டு ஜூமை முன்னும் பின்னும் திருகிக்கொண்டே இருப்பது, நாமே நீரை உள்ளே இறைப்பதற்குச் சமம். சாரலில் படம் எடுக்கும்போது ஒரே குவியத் தொலைவில் வைத்துவிட்டு, நடந்து போய் எடுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், குழாயைத் துணியால் துடைத்த பிறகு உள்ளிழுங்கள்.

கேமராவின் தலையில் வெளி ஃபிளாஷைப் பொருத்தும் இடம், அதாவது ஹாட் ஷூ, இருக்கிறது. அதற்குள் சிறிய உலோகப் புள்ளிகள் தெரியும், அவை மின்தொடர்புகள். அந்தப் பள்ளத்தில் நீர் தேங்கி நிற்கும். கேமரா வாங்கும்போது அதில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்திருக்கலாம். பலரும் அதைத் தொலைத்துவிடுகிறார்கள். சிறிய விலைக்குத் தனியாகக் கிடைக்கிறது, வாங்கி மாட்டிவிடுங்கள். உள்ளமைந்த ஃபிளாஷ் மேலே எழும் கேமராக்களில் அதன் கீலைச் சுற்றியும் இடைவெளி உண்டு. மழையில் அந்த ஃபிளாஷைத் திறக்க வேண்டாம்.

பக்கவாட்டில் மைக், எச்டிஎம்ஐ, யுஎஸ்பி துளைகளை மூடும் ரப்பர் மடல்களை விரலால் அழுத்திப் பாருங்கள். பழைய கேமராக்களில் இவை விறைத்துப்போய், சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டு நிற்கும். அடியில் பேட்டரிக் கதவு. ஈரப் பாறையிலோ புல்லிலோ கேமராவை உட்கார வைத்தால் நீர் நேராக அந்தக் கதவின் விளிம்பைத்தான் தொடும்.

'வெதர் சீல்' என்றால் நனையலாம் என்று பொருளா?

கடைகளில் 'வெதர் சீல் செய்யப்பட்டது' என்று சொல்லி விற்கும் கேமராக்களில் பொத்தான்கள், கதவுகள், உடலின் இணைப்புகள் ஆகியவற்றில் ரப்பர் அல்லது நுரைப் பட்டைகள் வைத்திருப்பார்கள். தூறலையும் தெறிப்பையும் அவை சிறிது நேரம் தடுக்கும். எவ்வளவு நேரம், எவ்வளவு மழை என்ற அளவைப் பெரும்பாலான நிறுவனங்கள் குறிப்பிடுவதில்லை.

அளவு சொல்ல ஒரு முறை இருக்கிறது. ஐஇசி 60529 என்ற பன்னாட்டுத் தரநிலையில் வரும் ஐபி எண் அது. இதில் முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது இலக்கம் நீருக்கு. நீருக்கான இலக்கம் 3 என்றால், செங்குத்திலிருந்து 60 டிகிரி வரை சாய்ந்து விழும் தூவலைத் தாங்கும். 4 என்றால் எல்லாத் திசைகளிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். 7 என்றால் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும். ஓஎம் சிஸ்டம் நிறுவனத்தின் ஓஎம்-1 கேமரா ஐபி53 தரம் பெற்றது. லைக்கா எஸ்எல்2 ஐபி54. லென்ஸ் மாற்றக்கூடிய கேமராக்களில் இப்படி எண்ணைச் சொல்லி விற்பவை மிகச் சிலவே. அவற்றிலும் அதே அளவு காப்புள்ள லென்ஸை மாட்டினால்தான் அந்த எண் செல்லும். சீல் செய்த உடலில் சீல் இல்லாத லென்ஸை மாட்டினால் உடலுக்குக் கொடுத்த கூடுதல் பணம் வீண். சில உயர்ரக லென்ஸ்களுக்கே முன்னால் ஃபில்டர் என்ற கூடுதல் கண்ணாடி ஒன்றை மாட்டினால்தான் காப்பு முழுமையாகும் என்று கேனான் நிறுவனம் சொல்கிறது.

இந்தச் சோதனைகள் ஆய்வகத்தில், புதிய கருவியில், நன்னீரால் செய்யப்படுபவை என்பதையும் மனத்தில் வையுங்கள். ரப்பர் வயதாக ஆகச் சுருங்கும், விறைக்கும். நீரால் ஏற்படும் பழுது பெரும்பாலான உத்தரவாதங்களில் சேர்வதும் இல்லை. எனவே தொடக்க நிலையில் இருப்பவர்கள் வெதர் சீலுக்காகவே பெரும் தொகை கொடுத்துக் கேமராவை மாற்ற வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும்: நல்ல உறை, நான்கைந்து துணிகள், வீட்டில் வைத்துக்கொள்ள ஓர் உலர்பெட்டி.

அருவிக்குள்ளேயே நின்று குளிப்பவர்களை எடுக்க வேண்டும், ஆற்றில் இறங்கி எடுக்க வேண்டும் என்றால் உறையெல்லாம் போதாது. அதற்கென்றே செய்த கேமராக்கள் இருக்கின்றன. கோப்ரோ ஹீரோ வரிசையில் ஹீரோ5 முதல் வந்தவற்றில் பெரும்பாலானவை தனிக்கூடு இல்லாமலே 10 மீட்டர் ஆழம் வரை தாங்குபவை; ஒலிம்பஸ் டஃப் டிஜி-6 15 மீட்டர் வரை தாங்கும். குற்றாலத்து ஐந்தருவியின் கீழே உங்கள் டிஎஸ்எல்ஆரைக் கொண்டு போகாதீர்கள். அருவியின் அடியில் விசையோடு எல்லாத் திசையிலும் நீர் சிதறும். தள்ளி நின்று எடுக்க டெலி லென்ஸ் இருக்கிறது.

உறையை நீங்களே செய்துகொள்ளலாம்

கடையில் கிடைக்கும் ரெயின் கவர்கள் நல்லவைதான். ஆனால் முதல் மழைக்கு, வீட்டில் இருக்கும் தடித்த ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை ஒன்றே போதும். புடவையோ சட்டையோ வரும் உறை சரியாக இருக்கும். கேமராவை அதற்குள் விட்டு, லென்ஸ் முனை தொடும் இடத்தில் ஒரு வட்டம் வெட்டுங்கள். வட்டம், லென்ஸின் முனையில் மாட்டும் ஹூட் என்ற வளையத்தை விடக் கொஞ்சம் சிறியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஹூடை வெளியே தள்ளும்போது உறை இறுக்கமாகப் பிடிக்கும். அதன் மேல் ஒரு ரப்பர் பேண்டைப் போடுங்கள். ரப்பர் பேண்ட் ஹூடின் நுனிக்கு வந்துவிடாமல் பின்னால் இருக்கட்டும். நுனியில் இருந்தால் உறையின் ஓரம் படத்தின் மூலைகளில் நிழலாக விழும். உறையின் திறந்த வாய் உங்கள் பக்கம், கீழ்நோக்கி இருக்க வேண்டும். அதன் வழியாகக் கைகளை விட்டு இயக்கலாம். அந்த வாயைக் கட்டி அடைத்துவிடாதீர்கள். கையின் வியர்வையும் மூச்சுக்காற்றும் உள்ளே சிக்கி, சில நிமிடங்களில் உறையின் உட்புறமே நனைந்துவிடும்.

மலைப்பகுதிகளுக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது வேறு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், கிழிந்த உறை காற்றில் பறந்து சோலைக்காட்டில் போய் விழுந்தால் அதைத் தின்னும் விலங்கு இருக்கிறது. கம்பி உடைந்த பழைய குடையின் துணியை எடுத்துத் தையற்கடையில் கொடுங்கள். இரண்டு கைகளும் நுழையும் அகலத்தில் ஒரு குழாயாக, முன்முனையில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துத் தருவார்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: நீளவாட்டுத் தையல் அடிப்பக்கம் வர வேண்டும். குடைத்துணி நீரை விடாது. ஊசித் துளைகள் விடும். தையல் மேலே இருந்தால் அந்த வரிசை முழுவதும் கசியும். இப்படித் தைத்த உறை மடித்தால் சட்டைப் பையில் அடங்கும், பல ஆண்டுகள் உழைக்கும்.

லென்ஸ் ஹூடை எப்போதும் மாட்டியிருங்கள். வெயிலில் எதிரொளியைத் தடுக்கச் செய்த பொருள் என்றாலும், மழையில் கண்ணாடி மேல் துளி விழாமல் காப்பதில் அதற்கு ஈடு இல்லை. டெலி லென்ஸ்களின் ஆழமான ஹூட் இதில் மிகவும் நல்லது. அகலமான காட்சியை எடுக்கும் வைட் லென்ஸ்களின் இதழ் வடிவ ஹூட் அவ்வளவாகக் காக்காது. அதனால் வைட் லென்ஸோடு மழையில் நிற்பவருக்குக் குடை பிடிக்க ஓர் ஆள் தேவைப்படும். நண்பரை அழைத்துப் போங்கள். ஆனால் இடி மின்னலோடு மழை வந்தால் திறந்த வெளியில் குடையும் முக்காலியுமாக நிற்காதீர்கள். மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும். மின்னல் இல்லாத மழையில் காரின் சன்னலைப் பாதி இறக்கி, மழை அடிக்காத பக்கமாக எடுக்கும் படங்களும் மிக நன்றாக வரும்.

மழையில் நிற்கும்போது

தோளில் தொங்கும் கேமராவின் லென்ஸ் தரையைப் பார்த்து இருக்கட்டும். ஒரு கைத்துண்டைக் கேமராவின் மேல் போட்டுக்கொள்ளுங்கள்; படம் எடுக்கும்போது மட்டும் விலக்கினால் போதும். பருத்தித் துண்டு துளிகளை உறிஞ்சிக்கொள்ளும். கேமராவின் உடலைத் துடைக்க இது ஏற்றது. கண்ணாடியைத் துடைக்க மைக்ரோஃபைபர் துணி தனியாக வேண்டும். அதை ஜிப் வைத்த சிறு பைக்குள் வைத்தால்தான் உலர்ந்து இருக்கும். ஒன்று போதாது. நனைந்த மைக்ரோஃபைபர் கண்ணாடியில் நீரைப் பரப்பும், எடுக்காது. நான்கைந்தாவது கொண்டு போங்கள்.

கண்ணாடி மேல் துளி விழுந்தால் உடனே தேய்க்கத் தோன்றும். அந்தத் துளிக்குள் மணல் துகள் இருக்கலாம். முதலில் ஊதுபந்தால் (அழுத்தினால் காற்றை ஊதும் ரப்பர் பந்து) ஊதித் துளிகளைத் தள்ளுங்கள். மீதியைத் துணியால் ஒற்றியெடுங்கள். அதன் பிறகு மெதுவாகத் துடையுங்கள். முன்னால் சாதாரண யுவி ஃபில்டர் மாட்டியிருந்தால் இந்தப் பதற்றம் பாதியாகக் குறையும். ஃபில்டர் தேவையா இல்லையா என்று புகைப்படக்காரர்கள் ஓயாமல் வாதிடுவார்கள். மழைக்கும் கடற்கரைக்கும் தேவை என்பதே என் கருத்து.

திறந்த மழையில் லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே எந்த லென்ஸ் என்று முடிவு செய்துவிடுங்கள். மெமரி கார்டையும் பேட்டரியையும் கூரைக்கடியில் வந்து, கையைத் துடைத்த பிறகே மாற்றுங்கள்.

கடற்கரையில் மழை இல்லாவிட்டாலும் உப்பு இருக்கிறது. அலைக்கருகில் அரைமணி நேரம் நின்றால் ஃபில்டரில் மங்கலான ஒரு படலம் தெரியும். அதே படலம் பொத்தான்களைச் சுற்றியும் படிந்திருக்கும். உலர் துணியால் தேய்த்தால் உப்புப் படிகங்கள் கீறும். நன்னீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் முதலில் துடைத்து, பிறகு உலர் துணியால் துடையுங்கள். அன்றே செய்ய வேண்டிய வேலை இது.

கண்ணுக்குத் தெரியாத மழை

இப்போது ஆவிக்கு வருவோம். வெளியில் ஒரு துளி மழைகூட இல்லை. ஏசி அறையிலிருந்து கேமராவோடு வாசலுக்கு வருகிறீர்கள். லென்ஸ் முழுக்க வெள்ளையாக மூடிக்கொள்கிறது. துடைத்தால் மறுகணமே மறுபடியும் மூடுகிறது. இது சென்னையிலும் தூத்துக்குடியிலும் அன்றாடம் நடப்பது.

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 22 டிகிரியில் சுமார் 19 கிராம்தான். மழைக்கால நாள் ஒன்றில் வெப்பநிலை 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் கன மீட்டருக்கு 24 கிராம் நீராவி இருக்கிறது. உங்கள் கேமராவோ ஏசி அறையில் 22 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கிறது. அதன் பரப்பைத் தொடும் காற்றும் 22 டிகிரிக்குக் குளிர்கிறது. 24 கிராம் சுமந்து வந்த காற்றால் இப்போது 19 கிராமைத்தான் வைத்திருக்க முடியும். மிச்சம் நீராகக் கேமராவின் மேல் படிகிறது. எந்த வெப்பநிலையில் இப்படிப் படியத் தொடங்குமோ அதைப் பனிநிலை என்கிறார்கள். நம் உதாரணத்தில் அது சுமார் 26 டிகிரி. கேமரா 26 டிகிரிக்கு மேல் சூடாகும்வரை எத்தனை முறை துடைத்தாலும் பயனில்லை.

லென்ஸின் முன்கண்ணாடியில் படிவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாதது என்னவென்றால், அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினாலோ ஜூமைத் திருகினாலோ ஈரக்காற்று உள்ளே போய், உள்கண்ணாடிகளின் மேலும் படத்தைப் பதிவு செய்யும் சென்சாரின் மேலும் மின்சுற்றுகளின் மேலும் படியும். வெதர் சீல், ரெயின் கவர் எதுவும் இங்கே உதவாது.

தடுக்கும் வழி மிக எளிது. ஏசி அறையை விட்டு வெளியே வருவதற்கு முன், அறைக்குள்ளேயே கேமராவை ஜிப் உள்ள பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடிவிடுங்கள். அதோடு வெளியே வாருங்கள். நீர் பையின் வெளிப்பரப்பில் படியும். உள்ளே இருக்கும் கேமரா நனையாமலே மெதுவாகச் சூடாகும். அரைமணி நேரம் பொறுங்கள். பெரிய டெலி லென்ஸ் என்றால் கூடுதல் நேரம் ஆகும். கேமராவைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ச்சி தெரியாவிட்டால் பையைத் திறக்கலாம். அதிகாலையில் வேடந்தாங்கல் போகிறவர்கள் காரில் ஏசி போட்டுக்கொண்டு கேமராவை மடியில் வைத்திருப்பார்கள். ஏரிக்கரையில் இறங்கியதும் முதல் அரைமணி நேரம், பறவைகள் கூட்டிலிருந்து கிளம்பும் நேரம், லென்ஸ் துடைப்பதிலேயே போய்விடும். கேமராப் பையை டிக்கியில் வைத்திருந்தால் பெருமளவு தவிர்த்திருக்கலாம்.

மலையில் இது திரும்பி நடக்கும். வால்பாறையில் குளிரில் நின்று படம் எடுத்துவிட்டு, அடுப்பெரியும் டீக்கடைக்குள் நுழைந்தால் குளிர்ந்த கேமராவின் மேல் உள்ளிருக்கும் வெந்நீராவி படியும். இங்கேயும் அதே பை, அதே பொறுமை. வெளியில் குளிரிலேயே பைக்குள் போட்டு மூடிக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

மழையில் எடுத்துவிட்டு வந்து, களைப்பில் கேமராவை அப்படியே பைக்குள் வைத்துவிட்டுத் தூங்கப் போவதுதான் பெரும்பாலான கேமராக்களுக்குக் கேடு செய்யும் பழக்கம். கேமராப் பையின் உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை ஈரத்தை இழுத்துக்கொண்டால் மழைக்காலத்தில் எளிதில் காயாது. ஜிப்பும் போட்டாயிற்று. இருட்டு, ஈரம், காற்றோட்டம் இல்லாத இடம்: பூஞ்சைக்கு வேண்டியது எல்லாம் அங்கே இருக்கிறது.

வந்தவுடன் கேமராவைத் துடைத்து, மின்விசிறிக் காற்றில் மேசை மேல் வையுங்கள். கேமராவைத் தோளில் மாட்டும் வார் நீர் சொட்டும். அதைக் கழற்றித் தனியாகக் காயப்போடுங்கள். பையின் தடுப்புகளை எல்லாம் உருவித் திறந்தே வையுங்கள்.

பூஞ்சையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் நுண்வித்துகள் காற்றில் எப்போதும் இருக்கின்றன. லென்ஸுக்குள்ளும் ஏற்கெனவே இருக்கும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நீடித்தால் முளைக்கும். வளரும்போது அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரிக்கிறது. பூஞ்சையைத் துடைத்தெடுத்த பிறகும் அந்தத் தழும்பு போகாது. உங்கள் லென்ஸில் இருக்கிறதா என்று பார்க்க, லென்ஸைக் கழற்றி, இருட்டறையில் கைப்பேசியின் டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். கண்ணாடியின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிக் கிளைகிளையாகப் பரவும் மெல்லிய வெண்ணிற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. அங்கங்கே புள்ளியாகத் தெரிவது தூசு. அதற்குப் பயப்பட வேண்டாம்.

சென்னையிலும் கடலோர ஊர்களிலும் வீட்டுக்குள் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 60-க்கு மேலேயே இருக்கிறது. பீரோவில் பூட்டிய கேமரா கெடுவது இதனால்தான். கேமராவை 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருக்க வேண்டும். மின்சாரத்தில் இயங்கும் டிரை கேபினெட் இதற்கென்றே இருக்கிறது. இரண்டு மூன்று லென்ஸ்கள் சேர்ந்துவிட்டவர்கள் வாங்கிவிடலாம். அதுவரை, மூடியில் ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, ஒரு சிறிய ஈரப்பதமானி, சிலிக்கா ஜெல் ஆகிய மூன்றும் போதும். ஈரப்பதமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அது இல்லாமல் டப்பாவை நம்பாதீர்கள். சிலிக்கா ஜெல் எப்போது நிறைந்தது என்று தெரியாமலே போய்விடும். 30 சதவீதத்துக்குக் கீழேயும் போக விடாதீர்கள். மிகையான வறட்சியில் ரப்பரும் மசகும் கெடலாம்.

சிலிக்கா ஜெல்லில் நிறம் மாறும் வகையை வாங்குங்கள். நீல மணிகள் ஈரம் நிறைந்ததும் இளஞ்சிவப்பாகும். ஆரஞ்சு மணிகள் பச்சையாகும். நீல மணிகளில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் குளோரைடு இருப்பதால், குழந்தைகள் உள்ள வீட்டில் ஆரஞ்சு வகையே நல்லது. நிறம் மாறியதும் தூக்கி எறிய வேண்டாம். சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு தட்டில் பரப்பி, ஓவனில் 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். முற்றிலும் ஆறிய பிறகே டப்பாவில் வையுங்கள்.

நம் வீடுகளில் பூச்சிக்காகப் பீரோவில் பாச்சை உருண்டையும் சூடமும் போடுவது வழக்கம். அவற்றின் அருகில் கேமராவை வைக்க வேண்டாம் என்று நிகான் தன் கையேடுகளிலேயே எச்சரிக்கிறது. தோல் உறைகளும் ஈரத்தைப் பிடித்து வைப்பவை. நீண்ட நாள் வைப்பதென்றால் உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். கேமராவை எப்போதும் பூட்டியே வைக்காமல் வாரத்துக்கு ஒருமுறையாவது எடுத்து வெளிச்சத்தில் படம் எடுப்பது பூஞ்சைக்கு எதிராக நல்ல காப்பு.

முழுக்க நனைந்துவிட்டால்

முதலில் சுவிட்சை அணைத்து, பேட்டரியை எடுங்கள். பிறகு மெமரி கார்டு. அதிலுள்ள படங்கள் பெரும்பாலும் தப்பிவிடும். லென்ஸைக் கழற்றி, எல்லாக் கதவுகளையும் மடல்களையும் திறந்து, வெளியே தெரியும் நீரை ஒற்றியெடுங்கள். சென்சாரைத் தொடாதீர்கள். கேமராவில் லென்ஸ் பொருந்தும் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி மின்விசிறிக் காற்றில் சில மணி நேரம் வைத்துவிட்டு, புதிய சிலிக்கா ஜெல் நிறைந்த டப்பாவில் இரண்டு மூன்று நாள் மூடி வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்: அதன் சூடு பிளாஸ்டிக்கையும் பசையையும் இளக்கும், காற்று நீரை இன்னும் உள்ளே தள்ளும். உச்சி வெயிலிலும் வைக்காதீர்கள். அரிசிப் பானையில் புதைத்து வைப்பது பலர் சொல்லும் வைத்தியம். அரிசி ஈரத்தை மிகக் குறைவாகவே இழுக்கும். அதன் தூள் திறந்து கிடக்கும் துளைகளுக்குள் போகும்.

வேலை செய்கிறதா என்று இடையில் ஒருமுறை ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் மிகவும் கடினம். ஆனால் மழைநீரில் நனைந்த கேமராவைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அந்தப் பொறுமைதான். நனைந்த பேட்டரியைச் சார்ஜ் செய்ய வேண்டாம். உப்பிப்போயிருந்தால் இனி பயன்படுத்தவே கூடாது.

நீங்களே திருப்புளியை எடுத்துத் திறக்காதீர்கள். உள்ளமைந்த ஃபிளாஷ் உள்ள கேமராக்களில் அதற்கு மின்சாரம் தரும் மின்தேக்கி 300 வோல்ட் அளவுக்கு ஏறியிருக்கும். பேட்டரியை எடுத்த பிறகும் அதில் மின்னேற்றம் தங்கும். கையை வைத்தால் கடுமையாகத் தாக்கும்.

விழுந்தது கடல்நீரில் என்றால் காய வைத்துக் காத்திருக்கக் கூடாது. காய்ந்தால் உப்பு உள்ளேயே படியும், சில மணி நேரத்திலேயே அரிப்பு தொடங்கிவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு அன்றே பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள். மழைநீரா, கடல்நீரா, எத்தனை மணி நேரம் ஆயிற்று, இடையில் ஆன் செய்தீர்களா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எங்கிருந்து தொடங்கிச் சுத்தம் செய்வது என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.